கீமோ வார்டுக்கு காது கொடுத்து கேக்க ஒரு ஆள் போடுங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்ங்க.

எங்க ஊரு அரூர் பக்கம். அம்மாவுக்கு மார்புல கேன்சர், நாலு கீமோ முடிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரி பேரு இங்க வேணாம், மருந்துல குறை சொல்லவும் வரல.

போன தடவ அம்மா தலைமாட்டுல வெச்சுக்க தீர்த்தமலை தீர்த்தம் ஒரு பாட்டில் எடுத்துக்கினு போனாங்க, நர்ஸ் அதை வாங்கி சிங்க்ல ஊத்திட்டாங்க. கீமோ சமயத்துல வெள்ளை அணு குறையும், காய்ச்சாத தண்ணி குடிச்சா கிருமி தொத்தும், சரிதான், ஆனா அதை பக்கத்துல நின்னு சொல்லியிருக்கலாமேங்க. அம்மா பயந்துக்கினே "நான் என்னம்மா பாவம் பண்ணேன், இது சாமி குத்தமா"ன்னு கேட்டாங்க. "இதெல்லாம் இங்க கேக்காதீங்க"ன்னுட்டு நர்ஸ் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க அம்மா முடி கொட்டுன தலைய முந்தானையில மூடிக்கினு செவுத்த பாத்து படுத்திருந்தாங்க, ஒரு வாய் கஞ்சி எறங்கல. விடிஞ்சதும் பக்கத்து பெட்டு பாய் வீட்டம்மா, அவங்களுக்கும் கீமோதான், வந்து கைய புடிச்சு "உனக்கும் சேத்துதான் துவா கேக்கறேன் அக்கா"ன்னாங்க. அப்பத்தான் அம்மா அழுதாங்க, அழுதுட்டு கஞ்சி குடிச்சாங்க. ஒரு நோயாளி செஞ்சதை செய்ய ஆஸ்பத்திரில ஒரு ஆள் இல்லையேங்க.

உங்களுக்கு தெரியாததில்ல, 2002-லயே உலக சுகாதார நிறுவனம் நோய்த்தணிப்பு சிகிச்சைன்னா உடம்பு வலியோட மனசு வேதனை, ஆன்மிக வேதனையும் பாக்கணும்னு சொல்லிடுச்சு. வீட்டுக்கே வந்து வைத்தியம் பாக்கற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்குனதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான், அதுலயும் நோய்த்தணிப்பு சிகிச்சை இருக்கு. அப்புறம் ஏன் வார்டுல கேக்க ஆளில்ல? ஊர்ல செய்வினைங்கறான், கர்மாங்கறான், அதை நம்பி பாதியில மருந்தை விட்டவங்கள எங்க தெருவுலயே பாத்துட்டேன். கூட இருக்கறவங்க படுக்கறது வராண்டா தரையில, பஸ்ஸுக்கு விடிகாலைல நிக்கணும், அதெல்லாம் பொறுத்துக்கறோம், இதை பொறுக்க முடியலங்க.

சாமிய நம்புன்னும் சொல்லவேணாம், நம்பாதன்னும் சொல்லவேணாம். "என்னம்மா பயமா இருக்கா"ன்னு கேட்டு உக்கார பயிற்சி எடுத்த ஒரு ஆள் போடுங்க, மனசு ரொம்ப ஒடிஞ்சவங்கள மனநல டாக்டர்கிட்ட அவங்களே அனுப்பட்டும். வீட்டுக்கு வர்ற நர்ஸம்மாவுக்கும் அந்த பயிற்சி குடுங்க.

கோவத்துல எதாச்சும் அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சிக்கோங்க. அடுத்த கீமோவுக்கு இன்னும் 12 நாள் இருக்கு, அம்மா வரமாட்டேங்கறாங்க. தயவுசெஞ்சு அந்த ஒரு ஆள போடுங்க.

இப்படிக்கு,
அரூர் பக்கத்துல இருந்து ஒரு மகள்