செத்த மாட்டுக்கும் ஆய்வக வாசலுக்கும் நடுவே: கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்கள், தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், தமிழ்நாடு.

அன்புடையீர், வணக்கம்.

1987-இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் ஆடுகளுக்கு மூக்கொழுகியது, வாய் புண்ணானது, கழிச்சல் கண்டது, பல செத்தன. மாட்டு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஆட்டுக்கும் தாவிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அறிகுறிகள் அச்சாக அப்படித்தான் இருந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வைரஸை ஆராய்ந்த பிறகுதான், அது வெக்கை நோயின் நெருங்கிய உறவான ஆட்டுக்கொல்லி நோய் என்றும், இந்தியாவில் அதுவரை கண்டறியப்படாதது என்றும் தெரிந்தது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என 2011-இல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பது இப்போதைய இலக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியிருந்தால் முதல் வேலையும் முடிந்திருக்காது, இரண்டாவது தொடங்கியும் இருக்காது.

இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆர்.டி.பி.சி.ஆர். என்ற சொல் கொரோனாவுக்குப் பிறகு டீக்கடை வரைக்கும் தெரியும். கருவிக்குள் போகும் பொருள்தான் அழுகியோ, உறைந்தோ, தவறான திரவத்தில் ஊறியோ வந்து சேர்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆகவே இந்த மடலில் நாங்கள் புது ஆய்வகமோ புது இயந்திரமோ கேட்கவில்லை. விலங்கு விழுந்து கிடக்கும் இடத்திலிருந்து ஆய்வகம் வரையுள்ள வழிக்குப் பணமும் ஆணையும் கேட்கிறோம்.

அடைப்பான் எனும் ஆந்த்ராக்ஸ் நோயை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பிழைக்கு விலை மிக அதிகம் அதில்தான். மாலை வரை மேய்ந்த மாடு காலையில் செத்துக் கிடக்கிறது. வயிறு மளமளவென்று உப்புகிறது, உடல் முழுதாக விறைக்கவில்லை, மூக்கிலும் ஆசனவாயிலும் கசிந்த கருத்த ரத்தம் உறையாமல் இருக்கிறது. இந்தக் கோலத்தைப் பார்த்தவர் கத்தியைத் தொடவே கூடாது. மூடிய உடலுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அடைப்பான் கிருமியால் அங்கே ஸ்போராக (கெட்டி ஓடு போர்த்து உறங்கும் வித்தாக) மாற முடியாது, அழுகல் கிருமிகள் சில நாட்களில் அதைத் தீர்த்துவிடும். வயிற்றைக் கிழித்தால் காற்று பட்டு ஸ்போர் உருவாகும். அது மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, இன்னொரு கோடை மழைக்குப் பிறகு இன்னொரு மாட்டின் வாய்க்குப் போகும். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் இழப்பீடோ காப்பீடோ இல்லை என்ற அலுவலக வழக்கம், மருத்துவரின் கையில் கத்தியைத் திணிக்கிறது. அடைப்பான் ஐயத்தில் ரத்தப்பூச்சு (கண்ணாடி ஸ்லைடில் பூசிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிவே போதும் என்று ஓர் ஆணை வந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

தேவைப்படுவது காது நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம், அவ்வளவே. கையுறை இரண்டு அடுக்கு, முகக்கவசம். ஊசியால் குத்தி, மெல்லியதாக இரண்டு ஸ்லைடு. குத்திய இடத்தைக் கிருமிநாசினி நனைத்த பஞ்சால் அடைக்க வேண்டும். காற்றில் உலர்ந்த ஸ்லைடை 95 சதவீத ஆல்கஹாலில் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். நெருப்பில் காட்டுவது மட்டும் கிருமியைக் கொல்லும் என நம்ப முடியாது. பாலிகுரோம் மெத்திலின் புளூ ஒரு நிமிடம், பிறகு கழுவல். கழுவிய நீர் தொட்டிக்குப் போகாமல் பிளீச்சிங் கரைசலில் விழ வேண்டும். எண்ணெய் விட்ட லென்சில், முனை சதுரமாக வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகளும் அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரிந்தால் அது அடைப்பான்.

இந்த இளஞ்சிவப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் வாங்கிய சாதாரண மெத்திலின் புளூவைக் கரைத்து அன்றே பூசினால் அந்த நிறம் வராது. சாயம் மாதக்கணக்கில் காற்றுப்பட்டு முதிர வேண்டும். முதிராத சாயத்தில் உறை தெரியவில்லை என்பதற்காக ‘அடைப்பான் இல்லை’ என்று எழுதுவது ஆபத்து. ராணிப்பேட்டை தடுப்பு மருந்து நிலையத்திலோ கால்நடைப் பல்கலைக்கழகத்திலோ ஒரே இடத்தில் சாயத்தைத் தயாரித்து, ஏற்கெனவே உறுதியான ஸ்லைடில் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, சிறு புட்டிகளில் மருந்தகங்களுக்கு அனுப்புங்கள். மருந்தகம் மருந்தகமாகச் சாயம் காய்ச்சச் சொல்வது வீண்.

நேரமும் எதிரிதான். மே மாத வெயிலில் ஒரு நாள் கிடந்த உடலில் குடல் கிருமிகள் ரத்தத்துக்குள் புகுந்து பெருகிவிடும். அவையும் குச்சிகளாகவே தெரியும், அடைப்பான் கிருமியின் உறையோ மங்கியிருக்கும். சாவதற்கு முன் பென்சிலின் போட்டிருந்தாலும் பூச்சில் எதுவும் தெரியாமல் போகலாம். படிவத்தில் ‘கடைசி ஊசி எது, எப்போது’ என்ற வரி அவசியம் இருக்க வேண்டும். தாமதமாகிவிட்டால் மூக்கினுள் ஒரு உலர்ந்த ஸ்வாப், மூக்கின் கீழே ரத்தம் ஊறிய மண் ஒரு கரண்டி. ஸ்வாபை எந்தத் திரவத்திலும் போடக் கூடாது.

புதைப்பதைப் பற்றியும் ஒரு சொல். குழியில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டுவது நம் வழக்கம். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் ஸ்போர் நீடித்து வாழத் துணைபோகலாம் என்ற ஐயம் வலுவாக இருக்கிறது. எரிக்க முடிந்த இடத்தில் எரிப்பதே முதல் வழி. முடியாத இடத்தில் ஆறடிக்குக் குறையாத குழி, ரத்தம் பட்ட மண்ணும் தீவனமும் அதே குழியில், 10 சதவீத ஃபார்மலின். சுற்றுவட்ட மந்தைக்குத் தடுப்பூசி போடும்போது அதே நாளில் பென்சிலினும் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தரும் அடைப்பான் தடுப்பூசி உயிருள்ள ஸ்போர். பென்சிலின் அதைக் கொன்றுவிடும், போட்டும் போடாததாகிவிடும்.

காட்டில் இது இன்னும் சிக்கல். 2022 ஜூனில் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் பன்றிகள் செத்தது அடைப்பானால் என்று உறுதியானது. பன்றியின் ரத்தத்தில் கிருமி மாட்டில் இருப்பதுபோல் மண்டுவதில்லை. காதுப் பூச்சு சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. தொண்டை வீங்கியிருந்தால் அந்த வீக்கத்து நீரை ஊசியால் உறிஞ்சிப் பூச வேண்டும். காட்டுமாடு, மான், யானை ஆகியவற்றுக்குக் காது நரம்பே போதும். இதைச் செய்ய மருத்துவர் வந்து சேர அரை நாள் ஆகும். உடலை முதலில் காண்பவர் வேட்டைத் தடுப்புக் காவலர். அவருக்கு இரண்டு மணி நேரப் பயிற்சியும் பத்து ஸ்லைடும் கொடுத்தால் அரை நாள் மிச்சம்.

யானைக் குட்டியின் சாவு தனி விவகாரம். யானை ஹெர்பெஸ் வைரஸும் குட்டியைத் திடீரென்று கொல்லும். நாக்கு நீலம் பாய்ந்திருக்கும், உள்ளே எங்கும் ரத்தக்கசிவு. அடைப்பான் இல்லை என்று பூச்சு சொன்ன பிறகே உடலைத் திறக்க வேண்டும். திறந்தால் இதயம், நாக்கு, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றில் துண்டு துண்டாகத் தனித்தனிப் பையில் எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும். நான்கையும் ஒரே பையில் போட்டால் எதில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரத்தப்பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. மாயாற்றுப் படுகையில் பாறு கழுகுகள் பிழைத்திருப்பது செத்த விலங்கை நம்பி. எதனால் செத்தது என்று தெரியாததால் எல்லா உடலையும் புதைத்தால் அவை பட்டினி கிடக்கும். பூச்சில் ஒன்றுமில்லை, நஞ்சோ கழுகுகளைக் கொல்லும் வலிநிவாரணி ஊசியோ இல்லை என்றால், உடலைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

இனி மாதிரிகள் கெடும் விதங்கள். எல்லா உறுப்பையும் ஃபார்மலினில் போடுவது முதல் தவறு. ஃபார்மலினில் ஊறியதில் கிருமியை வளர்க்க முடியாது; திசு ஆய்வுக்கு மட்டுமே அது. அதற்கும் துண்டு ஒரு செ.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது, திரவம் திசுவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். அரைக் கல்லீரலைச் சிறு பாட்டிலில் அமுக்கி அனுப்பினால் வெளித்தோல் பதப்பட்டு உள்ளே கூழாகியிருக்கும். ஃபார்மலின் பாட்டிலையும் ரத்தப்பூச்சையும் ஒரே பெட்டியில் வைத்தால் அதன் ஆவியே ஸ்லைடின் சாயம் ஏறாமல் கெடுத்துவிடும். இது பாடநூலில் ஒரு வரிதான். களத்தில் அடிக்கடி மறந்துபோகிறது.

ரத்தத்தை முழுதாக ஃபிரீசரில் வைத்தால் அணுக்கள் உடைந்து, சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) எடுக்க வழியில்லாமல் போகும். வெளியில் ஒன்றிரண்டு மணி நேரம் உறையவிட்டு, சீரத்தைப் பிரித்த பிறகே அதை ஃபிரீசரில் வைக்கலாம். பி.சி.ஆருக்கு மரக்குச்சிப் பஞ்சு ஆகாது. பிளாஸ்டிக் தண்டில் பாலியெஸ்டர் நுனி வேண்டும். கோமாரியில் புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோல் ஒரு கிராம், சம அளவு கிளிசரினும் பாஸ்பேட் தாங்கலும் கலந்த திரவத்தில். புளிப்பு ஏறினால் வைரஸ் செத்துவிடும், ஆகவே கார அமில அளவு 7.2-இலிருந்து 7.6-க்குள் இருக்க வேண்டும். தொண்டை அடைப்பான் வேறொரு பாக்டீரியா நோய்; அந்த ஐயத்தில் உடல் நாறத் தொடங்கிவிட்டதா? மனம் தளர வேண்டாம். சதை நீக்கிய கால் எலும்பு ஒன்றை முழுதாக அனுப்புங்கள், மஜ்ஜைக்குள் அழுகல் கடைசியாகத்தான் போகும். வெறிநோய்க்குத் தலையை மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதில்லை; மூளைத்தண்டும் சிறுமூளையும் போதும். பிடரித் துளை வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் முறை இருக்கிறது. எடுப்பவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு மருந்தகத்துக்கும் வனச்சரகத்துக்கும் ஒரு பெட்டி. ஸ்லைடு, ஆல்கஹால், முதிர்ந்த சாயம், ஊதா மூடி, சிவப்பு மூடிக் குழாய்கள், ஸ்வாப், வைரஸ் கடத்து திரவம், கிளிசரின் கலவை, தனிப் பையில் ஃபார்மலின், நான்கு ஐஸ் பாக். இவற்றோடு ஒரு பென்சில். பேனா மை ஆல்கஹாலில் அழிந்து, எந்த ஸ்லைடு எந்த மாடு என்று தெரியாமல் போன பிறகு பென்சிலின் அருமை புரியும். கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சோடு இரண்டாம் உறை, மேலே கெட்டியான பெட்டி என்று மூன்றடுக்கில் கட்ட வேண்டும். இதை நடத்துநர் இருக்கைக்கு அடியில் வைத்து அனுப்புவதா, யார் காசில் என்பதெல்லாம் இப்போது மருத்துவரின் சொந்தப் பாடு. அரசுப் போக்குவரத்துக் கழகத்தோடு ஓர் ஒப்பந்தம் போதும்.

சீரம் ஆய்வில் எண்ணிக்கைதான் பெரிய பிழை. மூன்று ஆட்டின் சீரத்தை அனுப்பி, மூன்றிலும் இல்லை என்று வந்ததும் ஊரில் நோயில்லை என்று எழுதிவிடுகிறோம். பெரிய மந்தையில் பத்து சதவீத விலங்குகளுக்குத் தொற்று இருந்தால், அதில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியுடன் பிடிக்க 29 மாதிரி வேண்டும். ஐந்து சதவீதம் என்றால் 59. ஒரு சதவீதம் என்றால் 299. அதேபோல் தடுப்பூசி போட்ட மாட்டில் கோமாரி எதிர்ப்பொருள் இருப்பது தொற்றுக்குச் சான்றாகாது. வைரஸ் பெருகும்போது மட்டும் உருவாகும் புரதங்களுக்கான எதிர்ப்பொருளை எலைசா எனும் சீரம் சோதனையில் தனியாகத் தேட வேண்டும். இந்த வேறுபாடு படிவத்திலேயே இல்லை.

வன உயிரினக் காப்பாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாதுகாக்கப்பட்ட விலங்கின் திசுவை வெளியே அனுப்ப ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக் கோப்பு நகர்வதற்குள் மாதிரி கெட்டுவிடும். நோய் ஆய்வுக்கென்று, குறிப்பிட்ட ஆய்வகங்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை நிலையாணை வழங்குங்கள். செத்த குரங்கும் இதில் வர வேண்டும். 1957-இல் சிமோகாவின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்த பிறகே குரங்குக் காய்ச்சல் என்ற நோய் உலகுக்குத் தெரிந்தது. செத்த குரங்கின் உடல் குளிர்ந்ததும், அந்த நோயைப் பரப்பும் உண்ணிகள் இறங்கி அடுத்த ஆளைத் தேடும். வெறுங்கையோடு யாரும் அருகே போகக் கூடாது.

இயக்குநர் அவர்களிடம் இன்னொன்று. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோயைத் தெரிவிக்கும் கடமையை உரிமையாளர் மீது வைக்கிறது. தெரிவித்தவருக்குப் பதில் தரும் கடமை யாருக்கும் இல்லை. முடிவு மாதக்கணக்கில் வராவிட்டால் அடுத்த மாடு செத்தால் அவர் சொல்ல மாட்டார், தோல் வியாபாரியைக் கூப்பிடுவார். ரத்தப்பூச்சு முடிவு அன்றே தொலைபேசியில், பி.சி.ஆர். மூன்று நாளில், மருத்துவருக்கும் உரிமையாளருக்கும் சேர்த்து. ‘இல்லை’ என்று எழுதினால் எந்தெந்த நோய்க்குச் சோதித்து இல்லை என்பதையும் எழுதட்டும். அதே முடிவு பக்கத்து வனச்சரகருக்கும் போகட்டும். காட்டில் செத்ததன் முடிவு பக்கத்து மருந்தகத்துக்கு வரட்டும். மாடும் காட்டுமாடும் ஒரே ஓடையில்தான் தண்ணீர் குடிக்கின்றன, பதிவேடுதான் இரண்டாக இருக்கிறது.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. சத்தியமங்கலம், முதுமலை ஓரத்து மருந்தகங்களிலும் சரகங்களிலும் இந்தக் கோடை மழைக்கு முன்பே பெட்டிகளை வையுங்கள். எத்தனை ஸ்லைடு வந்தது, எத்தனை பார்க்கும் நிலையில் இருந்தது, செத்ததற்கும் முடிவு சொன்னதற்கும் இடையே எத்தனை மணி நேரம் ஆனது என்ற மூன்று எண்களை மட்டும் மாதந்தோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
களத்திலும் ஆய்வகத்திலும் பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள் சிலர்