ஆண்டறிக்கை: படங்கள், பிங்போங் மேசை, பாக்கிச் சந்தா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் மன்றம் இவ்வாண்டு பொங்கல் விழாவையும் தீபாவளி அன்பளிப்பையும் வழக்கம்போல் நடத்தியது. இரத்த தான முகாம் மழையால் தள்ளிப்போனது, பிறகு நடக்கவேயில்லை. செயலவை ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை ஆள் போதாமல் கோப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஓவியக் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது என் தலையில் கட்டப்பட்ட வேலை. ஒரு பான நிறுவனம் செலவை ஏற்க முன்வந்தது. படங்களுக்கு நடுவே இளைஞர்கள் விளையாட ஒரு பிங்போங் மேசை வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. 'படம் பார்க்க வருகிறவனுக்கு மட்டை எதற்கு?' என்று செயலவையிலேயே சிரித்தார்கள். ஸ்லோவாக்கியக் கலைஞர் யூலியுஸ் கொல்லர் 1970-இலேயே பிராட்டிஸ்லாவாவில் ஓவியக்கூடத்துக்குள் பிங்போங் கிளப் நடத்தியவர். மெக்சிகோவின் கேப்ரியல் ஒரோஸ்கோ 1998-இல் நான்கு பேர் ஆடும் மேசையின் நடுவே ஒரு குளத்தையே வைத்தார். இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். குறிப்பேட்டில் 'செயலாளர் விளக்கமளித்தார்' என்று மட்டும் பதிவாகியிருக்கிறது.

நிறுவனத்தார் மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. வலையின் உயரம் 15.25 செ.மீ. மட்டுமே, பெயர் எடுப்பாகத் தெரியாது என்று, நீல மேசையின் மேலேயே தங்கள் பெயரைப் பெரிய வெள்ளை எழுத்தில் அச்சிட்டுவிட்டார்கள். வெள்ளைப் பந்து அந்த எழுத்தின் மேல் விழுந்தால் கண்ணுக்கே தெரியவில்லை. பிள்ளைகள் மூன்று நிமிடத்தில் அதற்கொரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: எழுத்தில் பட்டால் மறுபடி ஆட வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை, பேரனைக் கூட்டிப்போக ஒரு பாட்டி வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். படம் பார்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தவர், நிமிர்ந்ததும் எதிரே மாட்டியிருந்த ரப்பர் மரப் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பந்து கையிலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற ஓவியரிடம், "தம்பி, வெட்டுக் கோடு தலைகீழாக இருக்கிறது. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். நீ வரைந்தபடி வெட்டினால் பால் குறையும், தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்) விடமாட்டார்" என்றார். விரலையே உளியாக்கிக் காற்றில் ஒரு முறை சீவியும் காட்டினார். ஓவியர் மறுநாள் காலை தூரிகையோடு வந்து கோட்டைத் திருத்தினார். மேசை இல்லாவிட்டால் பேரன் வந்திருக்க மாட்டான், பாட்டியும் வந்திருக்க மாட்டார். சிரித்தவர்கள் வந்து பார்த்திருந்தால் நானே காட்டியிருப்பேன்.

படம் மாட்டும் இரவு பதினெட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள். நால்வர் வந்தோம். ஒருவருக்கு ஏணி ஏறப் பயம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு கொஞ்சம் என்பதை அவரே விளக்குவார். பாதிப் பேருக்கு மேல் சந்தா கட்டவில்லை. கட்டாதவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பட்டியலில் அவர் பெயரும் இருந்ததால் அதைக் கைவிட்டோம். சங்கச் சட்டப்படி இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்குக் கணக்கு போக வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தலைவருக்கும், சமையலுக்கு உதவிய மாதர் பகுதிக்கும், கோவில் நிர்வாகத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் உதவ நிறுவனம் தயாராக இருக்கிறது. மேசையை நிரந்தரமாக எங்கே வைப்பீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். இப்போது அது என் வீட்டு முன்கூடாரத்தில் நிற்கிறது. கார் வெளியே மழையில் நனைகிறது. மன்றத்தின் பின்னறையில் உடைந்த நாற்காலிகளை அகற்றினால் இடம் கிடைக்கும். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு நான் அங்கே இருப்பேன். லாரி வைத்திருக்கும் உறுப்பினர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்ஙனம்,
கௌரவச் செயலாளர்