கங்காரு ஏன் இங்கே இல்லை? பதில் பாதிதான் வந்திருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழின் சிறுவர் கேள்வி-பதிலில், கங்காரு ஏன் ஆஸ்திரேலியாவில் மட்டும் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. அங்குள்ள தட்பவெப்பம் அதற்கு ஏற்றது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கேட்டது அருமையான கேள்வி, இப்படிக் கிள்ளிப் போட்டிருக்க வேண்டாம்.

தட்பவெப்பம்தான் காரணம் என்றால், எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்று கண்மாய், தரிசு, ரோட்டோரம் என்று ஒன்று விடாமல் நிற்கும் சீமைக்கருவை ஆதியிலிருந்தே இங்கே இருந்திருக்க வேண்டுமே? வெயிலும் உப்புத்தண்ணீரும் இங்கே புதிதாகவா வந்தன? மரம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விதையைக் கொண்டுவரும் வரை அதற்கு இங்கே வர வழியில்லை, அவ்வளவுதான். சப்பாத்திக்கள்ளியும் உண்ணிச்செடியும் அப்படி அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். அதே ஆஸ்திரேலியாவில் 1859இல் ஒருவர் வேட்டைக்கு ஆசைப்பட்டுச் சில முயல்களை அவிழ்த்துவிட, அவை பெருகி நாட்டையே மேய்ந்து தீர்த்த கதை எல்லோருக்கும் தெரியும். முயலுக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளாமலா இருந்தது? போய்ச் சேர முடியவில்லை. குதிரை இன்னும் வேடிக்கை, அது தோன்றியதே வட அமெரிக்காவில்தான், அங்கேயே அழிந்துபோய், ஆயிரக்கணக்கான வருடம் கழித்து ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கியதும் மறுபடி புல்வெளிகளில் காட்டுக்குதிரையாகவே திரிய ஆரம்பித்துவிட்டது.

தட்பவெப்பத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பனிக்கரடி மதுரையில் பிழைக்காது, சரி. ஆனால் அதே குளிர் இருந்தும் வடதுருவத்தில் ஏன் பென்குவின் இல்லை என்று அந்தப் பிள்ளை அடுத்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கங்காரு விஷயத்தில் பதில் நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. கங்காரு போன்ற வயிற்றுப்பை விலங்குகளின் முன்னோர், தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் ஒட்டியிருந்த காலத்தில் தரைவழியாகவே அந்தக் கோடிவரை போயிருக்கின்றன. அண்டார்க்டிகாவில் அவற்றின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது, தென் அமெரிக்காவில் அந்த வம்சத்து ஒப்போசம் இன்றும் உண்டு. அப்புறம் ஆஸ்திரேலியா பிரிந்து தனியே நகர்ந்துவிட்டது. மற்ற கண்டங்களின் மானும் மாடும் புலியும் அங்கே போகவில்லை, வவ்வால் பறந்து போனது, எலி எப்படியோ தீவு தீவாகத் தொற்றிக்கொண்டு போனது. போட்டிக்கு ஆள் இல்லாத நிலத்தில் கங்காரு மேய்ச்சல் விலங்காக நிலைத்தது.

இதற்குச் சரியான சாட்சி இந்தோனேசியாவில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகளான பாலியும் லொம்போக்கும். 1856இல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் சிங்கப்பூரிலிருந்து மக்காசருக்கு நேர்க்கப்பல் கிடைக்காமல் இந்த இரண்டு தீவுகளிலும் இறங்க வேண்டியதாயிற்று. கப்பல் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! பாலியில் ஜாவாவில் உள்ள மாதிரியே குக்குறுவான், தூக்கணாங்குருவி வகைகள். கடலைத் தாண்டி லொம்போக்கில் இறங்கினால் குக்குறுவானைக் காணோம், வெள்ளைக் காக்கட்டூ பறக்கிறது, மண்ணைக் குவித்து அதற்குள் முட்டையைப் புதைக்கும் மேட்டுக்கோழி ஓடுகிறது, எல்லாம் ஆஸ்திரேலியா பக்கத்து உறவு. பாலியில் புலிகூட இருந்தது, வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். லொம்போக்கில் எந்தக் காலத்திலும் இல்லை. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே மழை, நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். ஆனால் இந்தப் பக்கம் இருக்கும் யானை, சிறுத்தை, கரடி, புள்ளிமான் அந்தப் பக்கமும் இருக்கின்றன. காரணம் தூரம் இல்லை, ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது நம் மணல்திட்டுப் பக்கமெல்லாம் காய்ந்த தரை, விலங்குகள் நடந்தே போயின. பாலியும் அப்போது ஜாவா, சுமத்ராவோடு சேர்ந்து ஆசியாவோடு ஒட்டிக்கொண்டது. லொம்போக் நீரிணையின் ஆழமோ அதற்கும் மேலே, அது வற்றவே இல்லை. ஆசியப் பக்கத்து விலங்குகளையும் ஆஸ்திரேலியப் பக்கத்து விலங்குகளையும் பிரித்து வாலஸ் போட்ட கோடு இந்த ஆழத்தின் மேல்தான் போகிறது.

அவருக்கு முன்பே 1858இல் ஸ்கிளேட்டர் என்பவர் பறவைகளை வைத்து உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்திருந்தார் (லெமூரியா என்ற பெயரை வைத்தவரும் இவரேதான், அந்தச் சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை). 1876இல் வாலஸ் அதை மற்ற விலங்குகளுக்கும் விரித்து இரண்டு பாகமாகப் புத்தகம் போட்டார். இன்றும் பாடப்புத்தகங்களில் வரும் மண்டல வரைபடங்களின் அடிப்படை அதுதான், ஆனால் மாநில எல்லை மாதிரி அதை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், ஏன் அங்கே கோடு என்று சொல்வதில்லை. செடிகொடிகள் இந்தக் கோட்டை அவ்வளவாக மதிப்பதும் இல்லை. காற்றிலும் கடலிலும் பறவை வயிற்றிலும் விதை போகும், அதனால் தாவரங்களுக்கு வேறு வரைபடம். அதில் தென்னாப்பிரிக்காவின் தென்முனையில் ஒரு சின்னத் துண்டுக்கு மட்டும் தனி ராஜ்ஜியம் கொடுத்திருக்கிறார்கள், சுமார் 9,000 தாவர இனங்கள், பெரும்பாலானவை வேறெங்கும் இல்லை.

அடுத்த இதழில் அந்தப் பிள்ளைக்கு ஒரு முழுப்பக்கப் பதில் போடுங்கள், கூடவே மண்டல வரைபடமும். இந்தோனேசியாவை மட்டும் தனிக்கட்டத்தில் பெரிதாக்கி, கடலாழத்தையும் நிறம் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். போன இதழில் வந்த உலகப்படத்தில் பாலி ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பரமக்குடி