லிஸ்ட் கேட்டாய், கடிதம் எழுதுகிறேன்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது.

"எதைப் பார்ப்பது என்று தேடியே ராத்திரி போய்விடுகிறதும்மா, நீயே ஒரு லிஸ்ட் அனுப்பேன்" என்று போனில் கேட்டாயே, அதற்காகத்தான் உட்கார்ந்தேன். பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினால் உனக்கு அதனால் என்ன பயன்? பெயரும் நட்சத்திர மதிப்பெண்ணும் உன் போனிலேயே கொட்டிக் கிடக்கின்றன. நாடகம், சினிமா, புத்தகம் எதுவானாலும் முடித்த அன்றைக்கே நாலைந்து வரி எழுதிவைக்கிற நோட்டு என்னிடம் இருக்கிறது அல்லவா, அதிலிருந்து சிலவற்றை எடுத்துக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முழுக் கதையும் சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் என் மனசு நின்றுபோனதோ அதைச் சொல்கிறேன். அங்கே உன் மனசும் நிற்குமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் 'காச்சர் கோச்சர்'. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் 2013-இல் எழுதிய சின்ன நாவல். கே. நல்லதம்பி தமிழில் கொண்டுவந்திருக்கிறார். நம் ஊர்க் கதை. தேயிலை விற்கும் சேல்ஸ்மேன் அப்பாவுக்கு வேலை போகிறது. சித்தப்பா மசாலாப் பொருள்களைப் பொட்டலம் போட்டு விற்கிற தொழிலைத் தொடங்குகிறார். பணம் வருகிறது, பெரிய வீடு வருகிறது. பழைய வீட்டில் எறும்புத் தொல்லை. அந்த எறும்புகளை நசுக்குவதில் அந்தக் குடும்பத்துக்கு மெல்ல ஒரு ருசி ஏறுவதை அவர் எழுதியிருக்கும் விதத்தைப் படித்த பிறகு, ஒரு வாரம் சமையல் மேடையில் எறும்பைப் பார்த்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஆனால் என் மனசு நின்றது வேறிடத்தில். ஒருநாள் ஒரு பெண் சித்தப்பாவைத் தேடி, மசூர் பருப்புக் குழம்பு செய்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அந்த வீட்டுப் பெண்கள் அவளைப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசித் துரத்துகிறார்கள். குழம்பு தெருவில் கொட்டுகிறது. உள்ளே இருக்கும் சித்தப்பா வெளியே வரவே இல்லை. ஏன் எல்லோரும் சேர்ந்து அவரைக் காப்பாற்றுகிறார்கள்? அவர்தானே சம்பாதிக்கிறார். அவர் தப்பு செய்தாலும் கேட்க அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது.

இதைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். நீ அனுப்புகிற பணத்தில் நம் வீட்டுத் தரை மாறியிருக்கிறது, அப்பாவின் கண் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நீ சம்பாதிக்கிறாய் என்பதற்காக, நீ சொல்வதற்கெல்லாம் நாங்கள் தலையாட்டுகிற வீடாக இது ஆகிவிடக் கூடாது. உன் கல்யாணப் பேச்சில் எனக்குச் சரி என்று படாததை நான் நேராகச் சொன்னபோது உனக்குக் கோபம் வந்தது. வரட்டும். நான் சொல்லாமல் விட்டிருந்தால் அதுதான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

அடுத்தது 'நாகமண்டலம்'. கிரீஷ் கர்னாட் 1988-இல் எழுதிய நாடகம், ஜே.பி. நகர் ரங்க சங்கராவில் பார்த்தேன். இங்கிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சை லைனுக்கு மாறிப் போக வேண்டும். சீக்கிரம் கிளம்பிவிடுவேன். நாடகம் தொடங்கிவிட்டால் யாராக இருந்தாலும் அங்கே உள்ளே விட மாட்டார்கள். அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேடையில் நிற்பவருக்குத் தருகிற மரியாதை அது. கன்னட நடிகராக இருந்த தன் கணவர் சங்கர் நாகின் நினைவாக நடிகை அருந்ததி நாக் பாடுபட்டு எழுப்பி, 2004-இல் திறந்த அரங்கம். தினமும் ஒரு நாடகம் நடக்க வேண்டும், டிக்கெட் விலை சாதாரண ஆளுக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நாடகத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஜவ்வரிசி வடையும் டீயும் சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

புருஷன் தினமும் வெளியே பூட்டு போட்டுவிட்டுப் போகிற ராணி என்கிற சின்னப் பெண்ணின் கதை. பார்வை இல்லாத ஒரு பாட்டி கொடுத்த வசிய வேரை ராணி குழம்பில் கலக்குகிறாள். குழம்பு ரத்தம் மாதிரி சிவந்ததும் பயந்துபோய்ப் புற்றில் ஊற்றிவிடுகிறாள். அதைக் குடித்த நாகம் அவள் மேல் ஆசைப்பட்டு, ராத்திரிகளில் புருஷன் வடிவத்தில் வருகிறது. பகலில் உதைக்கிறவன் ராத்திரியில் ஏன் இவ்வளவு பிரியமாக இருக்கிறான் என்று அவளுக்குப் புரிவதில்லை. பாவம், கேட்கவும் அவளால் முடியாது.

கர்னாட் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதியது இது. ஏ.கே. ராமானுஜன் சொல்லக் கேட்ட இரண்டு நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எடுத்திருக்கிறார். ராமானுஜன் மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, நம் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். கன்னட வீடுகளில் பெண்கள் அடுப்படியில் சொன்ன கதை அமெரிக்காவில் இரண்டு பேருக்கு நடுவே பேச்சாகி, நாடகமாகி, இங்கேயே திரும்பி வந்து அல்சூர்க்காரி என் முன்னால் நடந்தது என்றால் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

தொடக்கத்தில் ஒரு பாழடைந்த கோயில். வீடுகளில் விளக்கு அணைந்த பிறகு, அந்தச் சுடர்கள் எல்லாம் பெண்களாக அங்கே கூடி வம்பளக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வீட்டில் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறது. மேடையில் அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தபோது அரங்கம் முழுக்கச் சிரித்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் அம்மா பகலெல்லாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவிடம் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவாள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அவள் எப்படி இருந்திருப்பாள்? இந்த நாடகத்தைப் பாவண்ணன் தமிழில் தந்திருக்கிறார், படிக்கலாம். ஆனால் முடிந்தால் மேடையில் பார். முடிவு ஒன்றல்ல. ஒரு முடிவைச் சொன்னதும் சுடர்கள் ஒப்புக்கொள்ளாமல் சண்டை போடுகின்றன, இன்னொரு முடிவு வருகிறது. உனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நான் கன்னட நாடகம் பார்க்கப் போன கதையையும் உனக்குச் சொல்ல வேண்டும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பிறகு 1991 டிசம்பரில் இந்த ஊரில் தமிழர்களைக் குறிவைத்துக் கலவரம் நடந்தது. நாங்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தோம். அப்புறம் ரொம்ப நாள் பஸ்ஸில் தமிழில் பேசவே நாக்கு எழாது. அந்த நேரத்தில் ஆபீசில் என் பக்கத்து சீட்டில் இருந்த கன்னடத்து அக்கா ஒரு சாயங்காலம், "பாரம்மா, நானிருக்கேன்" என்று கையைப் பிடித்து ரவீந்திர கலாக்ஷேத்ரா நாடக அரங்குக்கு அழைத்துப் போனார். அன்று பார்த்தது கர்னாடின் 'துக்ளக்'. பாதி வசனம் புரியவில்லை, அவர் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

கர்னாட் அதை எழுதியது இருபத்தைந்து இருபத்தாறு வயதில். 1964-இல் வந்தது. தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றிய, செப்பு நாணயம் போட்ட அதே சுல்தான்தான். நம் பள்ளிப் புத்தகம் அவரைக் கோமாளியாக்கி வைத்திருந்தது. நாடகத்தில் அவர் படித்தவர், கனவு காண்கிறவர், குடிமக்களுக்கு நல்லது செய்ய நினைக்கிறவர். அந்த நல்லதுக்காகவே ஊரை நாசமாக்குகிறார். சுல்தானின் ஒவ்வொரு நல்ல சட்டத்தையும் அஸீஸ் என்கிற சலவைக்காரன் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறான். தௌலதாபாத் போகும் வழியில் ஒரு தாய், சாகக் கிடக்கும் குழந்தையை வைத்தியரிடம் காட்ட விடு என்று கெஞ்சுவாள். அதிகாரி வேஷத்தில் இருக்கும் அவன் லஞ்சம் கேட்பான். மேலே உட்கார்ந்து போட்ட ஒரு உத்தரவு கீழே யார் கையில் போய் முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. ஒரு வீட்டை மாற்றவே நாம் எவ்வளவு பாடுபட்டோம், ஒரு ஊரையே மாற்றினால்?

அந்தக் கன்னடத்து அக்கா இப்போது இல்லை. அவர் காட்டிய வழியில்தான் இந்த ஊர் எனக்கு என் ஊரானது.

சினிமா இரண்டு சொல்கிறேன். 'திதி', ராம் ரெட்டி எடுத்த கன்னடப் படம், 2016-இல் திரைக்கு வந்தது. மண்டியா பக்கத்துக் கிராமத்து ஜனங்களே நடித்தது. நூற்றியொரு வயதுக் கிழவர் செத்துப்போகிறார், பதினோராம் நாள் காரியத்துக்குள் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் படம். பேரனுக்கு நிலத்தை விற்க வேண்டும். அவனுடைய அப்பா கடப்பாவோ எதிலும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார். தாடியோடு அவர் நடக்கிற நடையைப் பார்ப்பதற்காகவே படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரிப்பாய்.

இன்னொன்று 'கூழாங்கல்'. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம், 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. ஒன்றேகால் மணி நேரம்தான். கோபக்காரக் குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன அம்மாவைக் கூட்டிவர மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் இரண்டு பேரும் நடக்கிறார்கள். பையன் அதிகம் பேசுவதில்லை. பேசாமலே அப்பனோடு அவன் மல்லுக்கட்டுகிற விதத்தைப் பார். கடைசியில், பள்ளத்தில் மெல்ல ஊறுகிற தண்ணீரைக் குடத்துக்கு மொண்டுகொண்டு பெண்கள் காத்திருக்கும் காட்சி அவசரமே இல்லாமல் ஓடுகிறது. அங்கே ஓட்டிப் பார்க்காதே, கண்ணு. அந்தக் காத்திருப்பை முழுசாகப் பார்த்தால்தான் படம் பார்த்ததாகும். வீட்டில் டிவியில் பார்ப்பதாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார்.

போன மாதம் உன் சித்தி வற்புறுத்தி ஒரு பெரிய ஹீரோ படத்துக்கு மாலுக்குக் கூட்டிப் போனாள். பெயர் வேண்டாம். ஆட்கள் சாகச் சாகக் கைதட்டினார்கள், செத்தவர்களில் ஒருவனுக்குக் கூடப் பெயர் வைக்கவில்லை. நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்.

கடைசியாக, 'பருவம்'. எஸ்.எல். பைரப்பாவின் மகாபாரத நாவல். இதையும் பாவண்ணன்தான் தமிழாக்கினார், சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதும் பெற்றார். இதில் வரம் இல்லை, சாபம் இல்லை, மாயம் எதுவும் இல்லை. குந்தியும் திரௌபதியும் பீமனும் நம்மைப் போல உட்கார்ந்து பழசை நினைக்கிறார்கள். ரொம்பப் பெரிய புத்தகம். போருக்கு ஆயத்தமாகும் பக்கங்கள் சில இடங்களில் இழுக்கின்றன, அங்கே பொறுமை வேண்டும். குந்தியின் பகுதியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்துப் படித்தேன், உனக்குத் தனியாக ஒரு பிரதி வாங்கி வைக்கிறேன். டிசம்பரில் வரும்போது பெட்டியில் அதற்கு இடம் விட்டுக்கொண்டு வா. அதற்கு முன்னால் 'காச்சர் கோச்சர்' படித்துவிடு, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். படித்ததும் வேறு யார் என்ன சொன்னார்கள் என்று தேடாமல், உனக்குப் பட்டதை அப்படியே எழுதி அனுப்பு. பிடிக்கவில்லை என்றாலும் சரி. எங்கே பிடிக்காமல் போனது என்று மட்டும் சொல், அதை வைத்துக்கொண்டு நாம் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசலாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா