ஒதுங்க வேண்டியது குழாய்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைச் சத்தம் கூட்டி வைத்துக் கேட்டேன். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கும்போது வருகிற அந்த ‘டங்’ முன்சக்கரத்தின் பால் ஜாயின்ட் சத்தம் இல்லை. அது ‘கடக்’ என்று அடங்கிக் கேட்கும். இது வெற்றுக் குழாயில் இரும்பு படுகிற சத்தம். புதிதாகப் போட்ட ஹெடர், அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுதி, ஸ்டீயரிங் வீலிலிருந்து கீழே இறங்குகிற ஷாஃப்ட்டில் இடிக்கிறது. வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் இதைச் சரிபண்ணும்வரை வண்டியை வெளியே எடுக்காதே.

உன் சிநேகிதன் ஷாஃப்ட்டைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்தால் போதும் என்றானாமே. அந்தப் பேச்சே வேண்டாம். இரண்டில் ஒன்று ஒதுங்க வேண்டுமென்றால் குழாய்தான் ஒதுங்க வேண்டும். குழாய் ஓட்டையானால் சத்தம் வரும், புகை கசியும். ஷாஃப்ட் விட்டுப்போனால் வண்டி உன் கையில் இருக்காது. அதைத் தேய்ப்பது, வளைப்பது, நடுவில் வெட்டி வெல்டு வைப்பது எதுவும் கூடாது. ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பிட்மேன் ஆர்ம், டை ராடு இவற்றிலும் கேஸ் டார்ச்சின் தீ படக்கூடாது. சூடு ஏறினால் இரும்பின் பதம் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

ஹெடருக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இன்ஜினை ஒட்டியே போகும், கம்பெனிக்காரன் ஷாஃப்ட்டுக்கு வழிவிட்டுத்தான் அதை வார்த்திருப்பான். நீ வாங்கியது நீளக்குழாய் ஹெடர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழாய் தனியாக இறங்கி, கீழே கலெக்டர் என்கிற ஒரே குழாயில் சேர்கிறது. இந்த ஹெடரைச் செய்தவர்கள் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிற வண்டியில் வைத்து அளவு பார்த்திருந்தால், வலப்பக்கம் ஷாஃப்ட் உள்ள உன் வண்டியில் இடிப்பதில் ஆச்சரியமே இல்லை. பெட்டியில் உன் வண்டியின் மாடல் பெயர் இருந்தால் போதாது, எந்தப் பக்க ஸ்டீயரிங்குக்கு என்றும் பார்.

முதலில் எங்கே இடிக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியபிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்து, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. டார்ச் லைட் அடித்துப் பார்த்தால் குழாயில் ஓரிடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும், அதுதான் இடம். மற்ற இடங்களில் கேப் எவ்வளவு என்று தெரிய, பிள்ளைகள் விளையாடுகிற மாடலிங் களிமண்ணைக் கொஞ்சம் உருட்டிக் குழாயில் ஒட்டு. ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பு. பிறகு அந்தக் களிமண் எங்கே மிக மெலிந்திருக்கிறதோ அங்கே கத்தியால் வெட்டி அளந்து பார். ஷாஃப்ட் வட்டமாக இருந்தாலும் அதன் துண்டுகளை இணைக்கிற ஜாயின்ட்டின் காதும் (கவ்வுகிற முனை) போல்ட் தலையும் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு நிலையில் தாராளமாக இருந்த இடைவெளி அரைச் சுற்றில் காணாமல் போவது அதனால்தான்.

இப்போது நீ அளப்பது ஆறிய, அசையாத இன்ஜினை. ஓடும்போது கதை வேறு. பெரும்பாலான இன்ஜின்களில் முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கடிகாரம் சுற்றுகிற திசையில் சுழலும். அதன் எதிர்விசை இன்ஜினையே சாய்க்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடப்பக்கம் எழும்பும், வலப்பக்கம் அமுங்கும். முதல் கியரில் இந்த விசை அதிகம், ரிவர்ஸில் திசை மாறிவிடும். உன் ஷாஃப்ட் வலப்பக்கம். அதாவது, வளைவில் திரும்பிக்கொண்டே நீ வேகம் எடுக்கும் நேரம் பார்த்துக் குழாய் ஷாஃப்ட்டின் மேல் அமுங்கும். ஸ்டீயரிங் இறுகிப் பிடித்தால் பிடிக்கிற நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

சூட்டில் குழாய் நீளவும் செய்யும். 70 சென்டிமீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினால் சாதா இரும்பு சுமார் 4 மில்லிமீட்டர் நீளும், ஸ்டெயின்லெஸ் 6 மில்லிமீட்டர். மேலே இன்ஜின் ஹெட் பக்கம் போல்ட் போட்டுப் பிடித்திருப்பதால் அந்த நீளம் பெரும்பாலும் கீழே, கலெக்டர் பக்கம்தான் போகும். அதனால் ஆறிய நிலையில் குழாய்க்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இடைவெளி 10, 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள். ஷாஃப்ட்டில் இருப்பது ரப்பர் வைத்த ஜாயின்ட் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும், இல்லாவிட்டால் சூட்டிலேயே ரப்பர் வெந்துவிடும்.

சரிசெய்வதைச் செலவில்லாத வழியிலிருந்து ஆரம்பி. ஹெடர் போல்ட்டுகளை எல்லாம் தளர்த்திவிட்டு, குழாயை ஷாஃப்ட்டிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நடுவிலிருந்து இருபுறமும் இறுக்கு. போல்ட் ஓட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், சில வண்டிக்கு அதுவே போதும். போதாவிட்டால் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்கைப் பார். பழைய வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். ரப்பர் வெடித்து அமுங்கியிருந்தால் இன்ஜின் அந்தப் பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருக்கும், நாம் ஹெடரைத் திட்டிக்கொண்டிருப்போம். கடப்பாரையை வைத்து லேசாக நெம்பிப் பார், ரப்பரும் இரும்பும் பிரிந்தால் இரண்டு பக்கமும் புதிது போடு. மவுண்டிங் போல்ட்டைத் தளர்த்தி இன்ஜினைச் சற்று நகர்த்தவும் முடியும். ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் தூக்குவதானால் ரேடியேட்டர் ஃபேன் கவரில் உரசுகிறதா, பானட் மூடுகிறதா, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடுகிறதா என்று மூன்றையும் பார்.

இதற்கும் அசையாவிட்டால் குழாயில் பள்ளம் போடலாம். ஆழமில்லாத, வழவழப்பான ஒரு பள்ளத்தால் பவர் பெரிதாகக் குறையாது. ஹெடரைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும், பெட்ரோல் லைனுக்கும் பிரேக் ஹோஸுக்கும் பக்கத்தில் டார்ச் கொளுத்தாதே. இடிக்கிற இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள். சிவக்கச் சூடாக்கி, உருண்டைத் தலைச் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டு. கூர்மையாக மடங்கினால் அந்த மடிப்பிலேயே பிறகு விரிசல் விடும். ஸ்டெயின்லெஸ் தட்டத் தட்ட இறுகும், நிறுத்தி நிறுத்திச் சூடாக்கு. செராமிக் பூச்சு போட்டிருந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும் என்பதையும் யோசித்துக்கொள்.

கடைசி வழி ஷாஃப்ட்டின் பாதையை மாற்றுவது. பருமனான ரப்பர் ஜாயின்ட்டை எடுத்துவிட்டு, கோணத்தில் மடங்கியபடியே சுழல்கிற, ஸ்டீயரிங்குக்கென்றே செய்த சின்ன யுனிவர்சல் ஜாயின்ட் போட்டால் நல்ல இடம் கிடைக்கும். ஆனால் இதில் கணக்கு இருக்கிறது. ஒற்றை ஜாயின்ட்டை 30 டிகிரிக்கு மேல் மடக்காமல் இருப்பது நல்லது. அந்தக் கோணத்திலேயே ஒரு ஜாயின்ட் தனியாக இருந்தால் சுற்றுக்குள் வேகம் 13 சதவீதம் குறைந்து 15 சதவீதம் கூடும், கையில் இலேசாகவும் கனமாகவும் மாறி மாறித் தெரியும். இரண்டு ஜாயின்ட் போட்டால் நடு ஷாஃப்ட்டின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், கோணங்களும் ஒத்திருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். மூன்று போட்டால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் ஷாஃப்ட் துள்ளும். மோதலில் உள்வாங்குகிற அமைப்பு உன் பழைய ஷாஃப்ட்டில் இருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள ஆளிடம் கொடு. உன்னால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை, இன்னொருவர் கண்ணும் பட வேண்டிய வேலை இது.

ஷாஃப்ட்டைப் பிரிக்கும்முன் இரு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டு, சீட் பெல்ட்டால் ஸ்டீயரிங் வீலைக் கட்டிவிடு. கழன்ற நிலையில் வீல் சுற்றினால் ஏர்பேக் வண்டிகளில் உள்ளே இருக்கிற ஒயர்ச்சுருள் அறுந்துபோகும். கவ்வும் போல்ட்டைப் புதிதாகப் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கு. பவர் ஸ்டீயரிங் ஹோஸ் குழாய்க்கு அருகில் போனால் வழியை மாற்று அல்லது இடையில் தகடு வை. அந்த எண்ணெய் சூடான ஹெடரில் சொட்டினால் தீப்பிடிக்கும்.

களிமண் வைத்து அளந்ததும் எண்ணை எழுதி அனுப்பு, மவுண்டிங்கின் போட்டோவும் வேண்டும். அதைப் பார்க்காமல் நான் இங்கே உட்கார்ந்து பள்ளம் போடு, போடாதே என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உன் அம்மா, இவ்வளவு எழுதினீர்களே, சாப்பிட்டாளா என்று ஒரு வரி கேட்டீர்களா என்கிறாள். சாப்பிட்டாயா?

அன்புடன்,
அப்பா

பி.கு.: எல்லாம் முடிந்து ஒருமுறை ஓட்டி வந்தபின், இன்ஜின் ஆறியதும் ஹெடர் போல்ட்டுகளை மறுபடி இறுக்கு. ஹெடருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள புது கேஸ்கட் அமுங்கியிருக்கும், போல்ட் தளர்ந்திருக்கும்.