இடது குதிகால்

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்கேன் படங்கள் வந்து பதினொரு நாள் ஆகிறது. பதில் போட்டீர்களா என்று அம்மா தினமும் கேட்கிறாள். தெற்கு வேலி கட்டியாயிற்று. மாமா வீட்டுக் கல்யாணம் தை கடைசியில். அம்மாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் பரவாயில்லை. மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

தசையை எலும்போடு கட்டும் தசைநாண் எம்ஆர்ஐயில் கறுப்பாகத்தான் தெரியும் என்று முதல் வருடமே போனில் சொல்லிக்கொடுத்தாய். அதிலுள்ள நீர் கொலாஜன் என்ற புரத இழைகளோடு ஒட்டிக் கிடக்கிறது, அது தரும் சமிக்ஞை ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் அடங்கிவிடுகிறது, சாதாரண ஸ்கேன் கேட்கத் தொடங்குவதற்குள் ஒன்றும் மிச்சமில்லை என்றாய். அடங்குவதற்கு முன்பே பிடித்துவிடும் முறையில் என் மகள் கோபன்ஹேகனில் வேலை செய்கிறாள் என்று பழைய மாணவர்கள் யார் வந்தாலும் சொல்கிறேன். ரிலேயில் உன்னோடு ஓடிய பிள்ளைகளுக்கும் அதில் பெருமைதான்.

மூன்றாவது படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மற்ற இரண்டிலும் நாண் மெலிந்து, ஒரே கறுப்பாக இருக்கிறது. இதில் நடுவே தடித்து, உள்ளே வெளுப்பாக ஒரு கீற்று. குதிகாலுக்கு மேலே மூன்று விரற்கடை. இடது கால். யாருடையது என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு வீடியோ காலில் பேசும்போது நீ தண்ணீர் எடுக்க எழுந்தாய். மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்த பிறகுதான் நடை நேரானது. அதன் பிறகு போனைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாய். எத்தனை வேலை இருந்தாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, விடு.

நீ சொன்ன ஸ்டாக்ஹோம் ஆய்வை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2004இல் வந்தது. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணில் வலி நாள்பட்டுப்போன 25 பேர், குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை மூன்று மாதம் செய்தார்கள். முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்ததில் நாணின் பருமன் 14 சதவீதம் குறைந்திருந்தது, உள்ளே தெரிந்த வெளுப்பு 23 சதவீதம். வலியும் குறைந்தது. மூன்று மாதம், பாப்பா. மூன்று நாள் இல்லை. படியில் முன்பாதத்தை ஊன்றி மெதுவாக இறக்கு. ஏறும்போது நல்ல காலை வைத்து ஏறு. அவசரப்படாதே. நீ செய்கிறாயோ இல்லையோ, நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு நீ இன்னொன்றும் சொன்னாய். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனைத் தடயமாக வைத்து, 2013இல் உங்கள் கோபன்ஹேகன்காரர்கள் கண்டுபிடித்தது. குதிநாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் கட்டி முடிந்துவிடும், அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்றாய். ஆய்வு முடிவாகத்தான் சொன்னாய். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மாவட்டப் போட்டிக்கு முந்தைய அந்த மார்கழியில் உனக்குப் பதினாறு வயது. காலையில் எழுந்ததும் முதல் அடி வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். 'அப்பா, இங்கே பிடிக்குது' என்று தொட்டுக் காட்டினாய், அதே மூன்று விரற்கடை மேலே. இரண்டு ரவுண்டு ஓடு, சூடேறினால் போய்விடும் என்றேன். ஓடினாய், போய்விட்டது. நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு ஆகிவிட்டது. சூடேறியதும் வலி மறைந்து மறுநாள் காலையில் திரும்பி வருவதுதான் அந்த நோயின் அடையாளம் என்று நீ படித்துவிட்டு வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேறொரு வீட்டுப் பிள்ளை அப்படி நொண்டி வந்திருந்தால் மைதானத்துக்கு வெளியே உட்கார வைத்திருப்பேன். உன்னை உட்கார வைக்கவில்லை. 1500 மீட்டரில் அந்த மெடல் எனக்கு வேண்டியிருந்தது. நீ கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் கல்யாணத்தில் நீ நொண்டியதைப் பார்த்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். செருப்பு கடிக்கிறது என்று அத்தையிடம் சொன்னாய், நானும் அப்படியே நம்பியதுபோல் இருந்துவிட்டேன்.

மெடலை அலமாரியிலிருந்து எடுத்து உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்.

குளிரில் எழுந்தவுடன் ஓடப் போகாதே. மெதுவாக இறக்கு, அவசரப்படாதே. மே மாதம் வரும்போது ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். ரயிலை விட்டு இறங்கியதும் நடக்க ஆரம்பிக்காதே, பெட்டிக்குப் பக்கத்திலேயே நில். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா