சாமியைக் காக்க வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்மீகத் தலைவர்களுக்கு வேண்டிய தகுதிகள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கல்வி, பேச்சுத்திறன், நிர்வாகத் திறமை, சமூக சேவை என்று எல்லாம் அதை எழுதியவர் சொல்லியிருந்தார். எல்லாம் சரி, ஆனால் கடவுளுக்கு முன்னால் தான் சிறியவன் என்ற நினைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நினைப்பு இல்லாத ஒருவர் நல்ல அதிகாரியாக இருக்கலாம், நல்ல பேச்சாளராகவும் இருக்கலாம், ஆன்மீகத் தலைவர் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருடம் இங்கே ஒரு கோயிலில் (பெயர் வேண்டாம்) திருவிழாவின் மாலைப் பூசைக்குப் போயிருந்தேன். நோட்டீஸில் 6 மணி என்று போட்டிருந்தது. 6.45 வரை திரை மூடியபடியே இருந்தது, ஏனென்றால் பிரதம விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார், குருக்கள் ஐயா இரண்டு தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார், காலையிலிருந்து விரதம் இருந்த ஒரு வயோதிப அம்மா என் பக்கத்தில் தூணைப் பிடித்தபடி மெல்லக் கீழே இருந்துவிட்டா. வாகனம் வந்து நின்றதும் கோயில் சபைத் தலைவர் வாசலுக்கு ஓடினார். மாலை, பொன்னாடை, படம் எடுப்பது எல்லாம் முடிந்து அப்புறம்தான் தீபாராதனை. அந்தத் தலைவர் கெட்டவர் அல்ல. கோயிலுக்காகத் தன் கைக்காசைப் போட்டவர், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த 45 நிமிடமும் திரைக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

இது நடந்தது திருகோணமலையில். கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைக்கு ஏறுகிற எவரும் இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. தாயாருக்காக மலையைப் பெயர்க்க இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது எங்கள் ஊர்க் கதை. சம்பந்தர் இங்கே வந்ததில்லை, இராமேசுவரத்தில் நின்றுதான் கோணமலையைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தின் எட்டாவது பாட்டிலும் இராவணன் வருகிறான். கயிலையை எடுத்தவனின் செருக்கை இறைவன் விரலால் அடக்கினான், அவன் பணிந்து பாடியபோது அவனுக்கே வரமும் கொடுத்தான். பெரும் சிவபக்தன், அரசன், வேதம் படித்தவன், அவனுக்கே செருக்கு வந்தது என்றால் எங்கள் சபைகளுக்கும் மடங்களுக்கும் வராதா? பக்தி கூடினால் பணிவு தானாக வந்துவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி வருவதில்லை என்பதைத்தான் அந்த மலைப் பிளவைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைப்பேன்.

விருந்தினரை மதிக்காவிட்டால் கோயில் வேலை எப்படி நடக்கும், கட்டடத்துக்குப் பணம் யார் தருவது என்று என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்பரைப் பாருங்கள். திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் வருகிறார் என்று கேட்டதும் அந்த முதிய வயதில் கூட்டத்துக்குள் புகுந்து, சிறு பிள்ளையான அவருடைய பல்லக்கைச் சுமப்பவர்களோடு தானும் ஒருவராகத் தோள் கொடுத்தார். அப்பர் எங்கே என்று மேலிருந்து சம்பந்தர் கேட்க, கீழிருந்து பதில் வந்தது. பதறி இறங்கி வணங்கப் போனார் சம்பந்தர், அதற்கு முன்பே அப்பர் வணங்கிவிட்டார். கையில் உழவாரத்தோடு கோயில் வீதியில் புல் செதுக்கியவரும் இவர்தான். சரி, இப்படிக் குனிந்தவர் எல்லாருக்கும் குனிந்தாரா? பல்லவ அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது நாங்கள் யாருக்கும் குடிகள் இல்லை, எமனுக்கும் பயமில்லை என்று பாடி மறுத்தார். கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோதும் மாறவில்லை. அடியாருக்குக் கீழே தோள் கொடுத்தவர் அரசனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார், நாங்களோ மற்றப் பக்கமாக, பக்தர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, வாகனத்தில் வருகிறவருக்கு முன்னால் வளைகிறோம். இறைவனுக்கு உண்மையாகவே அடியவராக இருக்கிறவருக்கு வேறு எவரிடமும் வளைய வேண்டிய தேவை இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். விக்கிரகங்கள் சிலவற்றை யாரோ மண்ணுக்குள் புதைத்து மறைத்தார்கள். 1950 இல் கிணறு வெட்டும்போது அவை வெளியே வந்தன, இன்று அவற்றைத் திரும்பக் கட்டிய கோயிலில் நாங்கள் கும்பிடுகிறோம். புதைத்தவர்கள் யார்? ஒரு கல்லிலும் அவர்கள் பெயர் இல்லை. உயிர் போகிற நேரத்தில் சாமியை மட்டும் நினைத்து வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள், 300 வருடத்துக்கு மேல் அது மண்ணுக்குள் இருந்தது, தாங்கள் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்திருப்பார்கள். ஆன்மீகத் தலைமை என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். உபயகாரர் பெயர்ப்பலகை ஒன்று சாய்ந்துவிட்டது என்று கூட்டத்தில் சண்டை பிடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இது சைவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. எங்கள் ஊரில் எல்லாரும் இருக்கிறோம். பெரிய வியாழன் அன்று பாதிரியார் முழங்காலில் நின்று சாதாரண மனிதர்களின் கால்களைக் கழுவுகிறார். பள்ளிவாசலில் முன்னால் நின்று தொழுவிக்கிற இமாமின் நெற்றியும் பின்னால் நிற்பவரின் நெற்றி போலவே நிலத்தில் படுகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் தெரிவான 2013 மார்ச் 13 இரவு, மக்களை ஆசீர்வதிக்க முன்பு, தனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுத் தலை குனிந்து நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நான் கத்தோலிக்கர் அல்ல.

தலைவர்கள் கைகூப்பிச் சிரிப்பதைப் பணிவு என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் வரும். கணக்கு கேட்டால் கோபப்படாமல் காட்டுவது, பிழை விட்டால் சபையில் எழுந்து பிழை என்று சொல்வது, கூட்டமில்லாத காலைப் பூசைக்கும் வந்து ஒரு மூலையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது, இவற்றைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன். காலைப் பூசையில் நாலைந்து பேர்தான் நிற்போம், யார் வருகிறார், யார் வருவதில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த வருடத் திருவிழாவுக்கு இன்னும் நோட்டீஸ் அடிக்கவில்லை. அதனால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன், 6 மணி என்று போட்டால் 6 மணிக்குத் திரை திறக்கட்டும். விருந்தினர் எப்போது வந்தாலும் வரட்டும், எங்களோடு வரிசையில் நிற்க அவருக்கும் இடம் விடுவோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.